பார்மட் அடிப்பது ஒன்றுதான் வழியா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஒரு மாதத்திற்குள் கற்றுக் கொள்ளும் சொல் ஒன்று உண்டு. அது 'பார்மட்'. கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதா? பார்மட். கேம் திறக்கவில்லையா? பார்மட். பிரிண்டர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லையா? அதற்கும் பார்மட். கடைக்குத் தூக்கிக் கொண்டு போனால் பாதி நேரம் இந்தப் பதில்தான் கிடைக்கிறது.

இப்படி பார்மட் ஆகும் கம்ப்யூட்டர்களில் பலவற்றுக்குப் பெரிய நோய் எதுவும் இருப்பதில்லை என்பது என் கருத்து. ஒரு சின்ன பைல் இருக்க வேண்டிய இடத்தில் வேறு பதிப்பு உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் கம்ப்யூட்டரை நானே கெடுத்து, அதனால் ஒரு பெண்ணின் படிப்பே தடுமாற இருந்த ஒரு நாளில் கற்றுக் கொண்டேன். அந்தக் கதையையும், அதிலிருந்து எனக்குப் புரிந்ததையும் உங்களிடம் சொல்லி விடுகிறேன்.

அன்று மாலை நடந்தது

எனக்கு ஊர் சித்தையன்கோட்டை. 2018 ஜூன் மாதம். பக்கத்து வீட்டு அக்காவின் மகள் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். சான்றிதழ்களை ஸ்கேன் செய்து அனுப்ப அன்று மாலை ஆறு மணி வரைதான் நேரம். "மாமா, உங்க வீட்டு ஸ்கேனர்ல எடுத்துக் குடுங்க" என்று நான்கு மணிக்கு வந்து நின்றாள். கையில் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில்.

என் கம்ப்யூட்டரில் இருந்தது டெபியன் லினக்ஸ். போன வாரம்தான் 8-ஆம் பதிப்பிலிருந்து 9-ஆம் பதிப்பிற்கு மாற்றியிருந்தேன். மாற்றி முடித்ததும், "இனித் தேவைப்படாத பேக்கேஜ்கள் இவை, நீக்கி விடலாமா?" என்று ஒரு பட்டியல் காட்டியது. இடம் மிச்சம் என்று நீக்கச் சொல்லி விட்டேன். அதன் பிறகு ஸ்கேனரைத் தொடவே இல்லை.

அன்று ஸ்கேன் சாப்ட்வேரைத் திறந்தால் திறக்கவில்லை. 'லிப்-பிஎன்ஜி 12' என்ற லைப்ரரி பைல் காணவில்லை என்று ஒரு வரி மட்டும் வந்தது. தேடிப் பார்த்தேன். லிப்-பிஎன்ஜி 16 இருந்தது. 12 இல்லை. பதினாறு பன்னிரண்டை விடப் புதியதுதானே, அதையே வைத்து ஓட்டலாம் என்று நினைத்து, 12 என்ற பெயரில் ஒரு லிங்க் உண்டாக்கி அதை 16-ஐக் காட்டும்படி வைத்தேன். சாப்ட்வேர் ஒத்துக் கொள்ளவில்லை. "இந்தப் பைலுக்குள் 12-க்கு உரிய அடையாளம் இல்லை" என்ற பொருளில் வேறு ஒரு பிழைச் செய்தி வந்தது.

மணி நாலே முக்கால். அந்தப் பெண் வாசலைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். எனக்குக் கை பரபரத்தது. பழைய பென் டிரைவ் ஒன்றில் உண்மையான 12 பைலின் காப்பி இருந்தது. அதை எடுத்து, அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு, கட்டளை வழியாக லைப்ரரி போல்டரில் காப்பி செய்தேன். அடுத்த நிமிடமே திரையில் இருந்த விண்டோக்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ரீஸ்டார்ட் செய்தேன். கறுப்புத் திரை. லாக்-இன் செய்யும் பக்கம்கூட வரவில்லை.

அவளை என் வண்டியில் ஏற்றிக் கொண்டு செம்பட்டிக்கு ஓடினேன். அங்கே ஒரு பிரவுசிங் சென்டரில் வரிசையில் நின்று, ஸ்கேன் எடுத்து, அனுப்பி முடித்தபோது ஆறு மணிக்குப் பத்து நிமிடம்தான் பாக்கி. அவள் அழவில்லை. ஆனால் வீடு வரும் வரைக்கும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

அடுத்த நாள் திண்டுக்கல்லில் ஒரு கடைக்கு சிபியுவை எடுத்துச் சென்றேன். பார்த்தவர், "அண்ணே, ஓஎஸ் போயிருச்சு. பார்மட் அடிச்சு விண்டோஸ் போட்டுத் தாரேன்" என்றார். பைல்கள் என்னாகும் என்று கேட்டேன். தன்னுடைய கம்ப்யூட்டரில் என் ஹார்ட் டிஸ்க்கை இணைத்துப் பார்த்தார். "டேட்டா ஒண்ணும் காட்டலையேண்ணே, எல்லாம் காலியாத்தான் இருக்கும்" என்றார். விண்டோஸ், லினக்ஸ் பார்ட்டிஷனைத் தானாகப் படிக்காது. அதனால் அவருக்கு அது காலியாகத் தெரிந்தது. ஆனால் அதில்தான் இறந்து போன என் அம்மாவின் பழைய ஆல்பம் முழுவதும் இருந்தது. அதே ஸ்கேனரில், ஒவ்வொரு படமாக நான் எடுத்து வைத்தது. வேறு காப்பி கிடையாது. கரையான் அரித்த அசல் ஆல்பத்தை அதற்கு முந்தைய ஆண்டே தூக்கிப் போட்டு விட்டோம்.

வேண்டாம் என்று சிபியுவைத் திரும்பத் தூக்கிக் கொண்டு வந்து விட்டேன். மறுநாள், மதுரையில் இருக்கும் பழைய கல்லூரி நண்பர் ஒருவர் போனில் சொல்லச் சொல்ல, ஐந்து நிமிடத்தில் எல்லாம் சரியானது. ஒரு பைல் கூடப் போகவில்லை. எப்படி என்று பார்க்கும் முன், இந்த லைப்ரரி என்பது என்ன என்று தெரிந்து கொள்வோம்.

லைப்ரரி என்றால் என்ன?

உங்கள் கம்ப்யூட்டரில் படம் காட்டும் சாப்ட்வேர்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பிரவுசர், போட்டோ எடிட்டர், டாக்குமெண்ட் எழுதும் சாப்ட்வேர், ஏன், மெனுவில் தெரியும் குட்டி ஐகான்கள் கூடப் படங்கள்தான். இவை ஒவ்வொன்றும் பி.என்.ஜி. வகைப் படத்தைத் திறக்கத் தனித்தனியே புரோகிராம் எழுதி வைத்திருந்தால் எவ்வளவு வீண்? அதனால் அந்த வேலையை ஒரே ஒரு பொதுப் பைலிடம் விட்டு விடுகிறார்கள். எல்லா சாப்ட்வேர்களும் அதைக் கூப்பிட்டு வேலை வாங்கிக் கொள்ளும். இதுதான் லைப்ரரி. விண்டோஸில் டி.எல்.எல். என்ற பெயரில் இதையே பார்த்திருப்பீர்கள்.

இப்படிப் பொதுவாக வைப்பதில் இன்னொரு பெரிய நன்மையும் உண்டு. 2004 ஆகஸ்டில் லிப்-பிஎன்ஜியில் மோசமான ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. வேண்டுமென்றே கோணலாகத் தயாரித்த ஒரு படத்தைத் திறந்தாலே, அனுப்பியவன் உங்கள் கம்ப்யூட்டரில் தன் புரோகிராமை ஓட்டலாம் என்ற நிலை. லைப்ரரி பொதுவாக இருந்த கம்ப்யூட்டர்களில் அந்த ஒரு பைலைத் திருத்தியதும், அதைக் கூப்பிடும் எல்லா சாப்ட்வேர்களும் ஒரே நாளில் பாதுகாப்பாகி விட்டன.

சரி, பிறகு மோதல் எங்கே வருகிறது? லைப்ரரியை எழுதுபவர்கள் அதை மாற்றிக் கொண்டே இருக்கிறார்கள். லிப்-பிஎன்ஜி 1.2 வந்தது 2001-ல். பல ஆண்டுகள் அதுவே எங்கும் இருந்தது. 2010-ல் 1.4, 2011-ல் 1.5, 2013-ல் 1.6 என்று வந்தன. பழைய 1.2-ல், ஒரு சாப்ட்வேர் லைப்ரரியின் உள்ளே இருக்கும் தகவலை நேராகவே எட்டி எடுக்க முடிந்தது. 1.5-ல் அந்த வழியை அடைத்து விட்டார்கள். இனி எது வேண்டுமானாலும் முறையாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பாதுகாப்புக்கு இது நல்ல மாற்றம். ஆனால் பழைய வழக்கத்தில் எழுதப்பட்ட சாப்ட்வேர்களை மாற்றி எழுதித் தீர வேண்டும். டெபியனில் அப்படிச் சரி பார்த்துத் திரும்பத் தயாரிக்க வேண்டிய பேக்கேஜ்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. 2015-ல் வந்த 8-ஆம் பதிப்பில் லிப்-பிஎன்ஜி 12 இருந்தது. 2017-ல் வந்த 9-ஆம் பதிப்பில் 16 அந்த இடத்திற்கு வந்தது. 12-ஐ விட்டு விட்டார்கள்.

என்னுடைய ஸ்கேனர் சாப்ட்வேரை யாரும் மாற்றி எழுதவில்லை. அதன் மூலப் புரோகிராம் தயாரித்த கம்பெனியிடம் மட்டுமே இருந்தது. அவர்கள் அந்த மாடலை மறந்து விட்டார்கள்.

பெயரும் இனிஷியலும்

நம் ஊர்களில் ஒரே தெருவில் இரண்டு முருகேசன் இருப்பார்கள். யாரும் குழம்புவதில்லை. ஒருவர் கே. முருகேசன், இன்னொருவர் எம். முருகேசன். இனிஷியல் பார்த்துத் தபால்காரர் சரியான வீட்டில் கடிதத்தைக் கொடுத்து விடுவார்.

லைப்ரரியிலும் இதே ஏற்பாடுதான். பெயரோடு சேர்ந்து வரும் 12, 16 என்ற எண்கள் வெறும் வரிசை எண்கள் அல்ல. அவை இனிஷியல். 12-ம் 16-ம் ஒரே கம்ப்யூட்டரில், ஒரே போல்டரில், சண்டையில்லாமல் பக்கத்துப் பக்கத்தில் இருக்க முடியும். பழைய சாப்ட்வேர் 12-ஐக் கூப்பிடும். புதியது 16-ஐக் கூப்பிடும். போதாததற்கு, ஒவ்வொரு பைலின் உள்ளேயும் 'நான் 12', 'நான் 16' என்று ஒரு முத்திரையும் டெபியனில் பதித்து வைத்திருந்தார்கள். வெளியே பெயர்ப் பலகையை மாற்றினாலும் உள்ளே முத்திரை காட்டிக் கொடுத்து விடும்.

இப்போது நான் செய்ததைப் பாருங்கள். முதலில் எம். முருகேசன் வீட்டு வாசலில் 'கே. முருகேசன்' என்று பலகை மாட்டினேன். முத்திரை பொருந்தாததால் ஸ்கேனர் சாப்ட்வேர் திரும்பி விட்டது. அதோடு அந்தப் பலகையைக் கழற்றியிருக்க வேண்டும். கழற்றாமல், உண்மையான கே. முருகேசனின் சாமான்களைக் கொண்டு வந்து 'கே. முருகேசன்' என்று பலகை இருக்கும் வீட்டில் இறக்கச் சொன்னேன். காப்பி செய்யும் கட்டளை பலகையைப் பார்த்தது, அது காட்டிய வீட்டிற்குள் போனது, எம். முருகேசனின் சாமான்களை அழித்து விட்டு இவருடையதை வைத்தது. லிங்க்கின் மீது காப்பி செய்தால், லிங்க் காட்டும் அசல் பைலின் மீதே எழுதி விடும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

லிப்-பிஎன்ஜி 16 இப்படி அழிந்ததும், ஐகான் காட்டக் கூட வழியில்லாமல் மொத்த டெஸ்க்டாப்பும் படுத்து விட்டது. இதைத்தான் கடைக்காரர் "ஓஎஸ் போயிருச்சு" என்றார். போனது ஒரே ஒரு பைல்!

சரி செய்த விதம்

கண்ட்ரோல், ஆல்ட், எப்2 ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தச் சொன்னார் நண்பர். கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் வரும் லாக்-இன் கிடைத்தது. எழுத்துத் திரைக்குப் படம் காட்டும் லைப்ரரி தேவையில்லை. அதனால் அது உயிரோடு இருந்தது. உள்ளே நுழைந்து, நான் மாட்டிய போலிப் பலகையை, அதாவது அந்த லிங்க்கை, நீக்கினேன். பிறகு லிப்-பிஎன்ஜி 16 பேக்கேஜை மறுபடி இன்ஸ்டால் செய்யும்படி கட்டளை கொடுத்தேன். போன வாரம் டவுன்லோட் ஆன காப்பி கம்ப்யூட்டரிலேயே இருந்ததால் இண்டர்நெட் கூடத் தேவைப்படவில்லை. ரீஸ்டார்ட் செய்ததும் அம்மாவின் படம் வால்பேப்பராக வந்து நின்றது.

அடுத்து ஸ்கேனர். பழைய 12 பைலை பொது போல்டரில் வைக்காமல், ஸ்கேனர் சாப்ட்வேருக்கு என்று உள்ள தனிப் போல்டரில் வைத்தேன். அதைத் திறக்கும்போது மட்டும் "முதலில் இந்தப் போல்டரில் லைப்ரரியைத் தேடு" என்று சொல்லும் இரண்டு வரி ஸ்கிரிப்ட் ஒன்றையும் எழுதிக் கொண்டேன். மற்ற எந்த சாப்ட்வேருக்கும் அங்கே ஒரு 12 இருப்பதே தெரியாது. ஸ்கேனர் ஓட ஆரம்பித்தது.

இதில் ஒரு எச்சரிக்கை. பழைய 12-க்கு இனித் திருத்தங்கள் வருவதில்லை. ஆகவே அதை பிரவுசர் போன்ற, வெளியாட்கள் அனுப்பும் படங்களைத் திறக்கும் சாப்ட்வேருக்குக் கொடுக்கக் கூடாது. என் மேஜை மேல் இருக்கும் ஸ்கேனருக்கு மட்டும் என்பதால் பாதகமில்லை.

யாருக்கும் தெரியாத விருந்தாளி

ஆரம்பத்தில் 12 ஏன் நீக்கப்பட்டது என்றும் பார்க்க வேண்டும். ஸ்கேனர் சாப்ட்வேரை நான் பேக்கேஜ் மேனேஜர் வழியாகப் போடவில்லை. சிடியில் வந்த இன்ஸ்டாலரை நேரடியாக ஓட்டியிருந்தேன். ஆகவே, இந்தக் கம்ப்யூட்டரில் 12-ஐ நம்பி ஒரு சாப்ட்வேர் இருக்கிறது என்பது பேக்கேஜ் மேனேஜருக்குத் தெரியாது. யாரும் பயன்படுத்தவில்லை என்று நினைத்து, என்னிடம் அனுமதியும் கேட்டுத்தான் அது நீக்கியது. வீட்டில் எத்தனை பேர் சாப்பாட்டுக்கு என்று சமையல் செய்பவரிடம் சொல்லாமல், மாடியில் ஒரு விருந்தாளியைத் தங்க வைத்து விட்டு, சோறு இல்லை என்று கோபித்துக் கொள்வது எந்த நியாயம்?

பேக்கேஜ் மேனேஜர் "முடியாது" என்று சொல்லும்போது நமக்கு எரிச்சல் வருகிறது. 'இது அதைச் சார்ந்துள்ளது, அது கிடைக்கவில்லை' என்று அடம் பிடிப்பதாகத் தோன்றுகிறது. ஆனால் அந்த மறுப்பு, எந்தப் பேக்கேஜ் எதனுடன் ஒத்துப் போகும் என்று யாரோ சிலர் உட்கார்ந்து சோதித்து எழுதி வைத்த கணக்கிலிருந்து வருகிறது. அதை மீறி போர்ஸ் செய்வது ரயில்வே கேட்டைத் தூக்கி விட்டு வண்டியை ஓட்டுவது போல. பல நேரம் ஒன்றும் ஆகாது. ஆகும் நாளில் தாங்காது.

விண்டோஸ்காரர்களுக்கும் இதே கதைதான்

"நான் லினக்ஸ் பக்கமே போவதில்லை, எனக்கு எதற்கு இது?" என்று நினைக்கிறீர்களா? பழைய கேம் ஒன்றை இன்ஸ்டால் செய்து பாருங்கள். டி3டிஎக்ஸ்9_43 என்ற டி.எல்.எல். பைல் காணவில்லை என்று ஒரு செய்தி வரலாம். அந்த 43-ம் ஒரு இனிஷியல்தான். 2005 பிப்ரவரியில் 24-ல் தொடங்கி 2010 ஜூனில் 43 வரை இந்த வரிசை வந்தது. ஒரு கேம் எந்த எண்ணை நம்பி எழுதப்பட்டதோ அதே எண் வேண்டும். 42 இருந்தாலும் போதாது. இன்றைய விண்டோஸில் டைரக்ட்எக்ஸ் 12 இருந்தாலும் இந்தப் பழைய பைல்கள் தானாக வருவதில்லை.

இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். அந்த ஒரு டி.எல்.எல். பைலை மட்டும் ஏதோ ஒரு தளத்தில் தேடி எடுத்து விண்டோஸ் போல்டரில் போட்டு விடுகிறார்கள். அந்தப் பைலோடு வைரஸும் வரலாம், தவறான பதிப்பும் வரலாம். மைக்ரோசாப்ட் இந்த வரிசை முழுவதையும் ஒரே தொகுப்பாக, டைரக்ட்எக்ஸ் எண்ட்-யூசர் ரன்டைம் என்ற பெயரில் இலவசமாகவே தந்தது. அதை இன்ஸ்டால் செய்தால் எல்லா எண்களும் தத்தம் இடத்தில் உட்கார்ந்து கொள்ளும்.

இன்னொன்று. கண்ட்ரோல் பேனலில் சாப்ட்வேர் பட்டியலைப் பார்த்தால் மைக்ரோசாப்ட் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்று 2005, 2008, 2010 என வரிசையாக இருக்கும். ஒரே ஆண்டிலேயே எக்ஸ்86 ஒன்றும் எக்ஸ்64 ஒன்றும் இருக்கும். "ஒரே சாப்ட்வேர் பத்து தடவை ஏறியிருக்கே" என்று பழையதை எல்லாம் நீக்கி விடுகிறார்கள். அடுத்த நாள் நான்கு சாப்ட்வேர்கள் திறக்காது. இவை ஒரே ஆள் பத்து முறை வந்ததல்ல. பத்து வெவ்வேறு இனிஷியல்கள். விட்டு விடுங்கள். அதே போல விண்டோஸ் போல்டரில் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று பெரிதாக ஒரு போல்டர் இருக்கும். ஒரே டி.எல்.எல்.-இன் பல பதிப்புகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைப்பதற்காக எக்ஸ்பி காலத்தில், 2001-ல், இந்த ஏற்பாடு வந்தது. இடம் அடைக்கிறது என்று அதில் கை வைக்காதீர்கள்.

இனிஷியலும் ஒன்றானால்?

இனிஷியல் வேறாக இருந்தால் பிரச்சினை இல்லை. பெயர், இனிஷியல் இரண்டும் ஒன்றாகவே இருந்து விட்டால்? கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில் லினக்ஸில் இது உண்மையிலேயே நடந்தது.

முப்பரிமாணப் படங்களை வரையும் ஓப்பன்ஜிஎல் என்ற முறை 1992-ல் சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்திலிருந்து வந்தது. லினக்ஸில் அதற்கான லைப்ரரியின் பெயர் லிப்-ஜிஎல். இலவசமாகக் கிடைக்கும் மெசா தொகுப்பும் அந்தப் பெயரில்தான் ஒரு பைல் தரும். என்விடியா கார்டோடு வரும் டிரைவரும் அதே பெயரில், அதே எண்ணில் ஒரு பைல் தரும். கேம்கள் அந்தப் பெயரைத்தான் தேடும் என்பதால் இரண்டு தரப்புக்கும் வேறு வழி இல்லை. டிரைவரை நேரடியாக இன்ஸ்டால் செய்தால் மெசாவின் பைல் போய் விடும். பிறகு மெசா அப்டேட் ஆகும்போது டிரைவரின் பைல் போய் விடும். அப்டேட் செய்த மறுநாள் கறுப்புத் திரை என்று பலர் புலம்பியதற்கு இது ஒரு காரணம்.

டெபியனில் பேக்கேஜ் தயாரிப்பவர்கள் முதலில் ஒருவருடைய பைலை ஒதுக்கி வேறு இடத்தில் வைத்து, யார் வேண்டுமோ அவரை மட்டும் வாசலில் நிறுத்தும் ஏற்பாட்டைச் செய்தார்கள். பிறகு இதை விட நல்ல தீர்வு வந்தது. ஜிஎல்விஎன்டி என்று அதற்குப் பெயர். லிப்-ஜிஎல் என்ற பெயரை இரண்டு பேரிடமிருந்தும் வாங்கி நடுவில் ஒரு போக்குவரத்துக் காவலரிடம் கொடுத்து விட்டார்கள். கேம் வந்து அவரிடம் கேட்கும். எந்தக் கார்டு வேலை செய்கிறது என்று பார்த்து, அவர் அந்தப் பக்கம் அனுப்புவார். மெசாவும் என்விடியாவும் தங்கள் பைல்களைத் தனிப் பெயரில் வைத்துக் கொள்கின்றன. 2016, 2017-லிருந்து லினக்ஸ் தொகுப்புகளில் இது இடம் பெறத் தொடங்கியது. யாரையும் வெளியே தள்ளாமல் பிரச்சினை தீர்ந்தது.

எல்லாவற்றையும் மூட்டை கட்டலாமா?

"இவ்வளவு தொல்லை எதற்கு? ஒவ்வொரு சாப்ட்வேரும் தனக்கு வேண்டிய லைப்ரரிகளை எல்லாம் மூட்டையாகக் கட்டிக் கொண்டு வரட்டுமே" என்று கேட்கலாம். பிளாட்பேக், ஸ்நாப், ஆப்இமேஜ் போன்றவை ஏறக்குறைய அப்படித்தான் செய்கின்றன. புதியவர்களுக்கு வசதிதான். நானும் இரண்டொன்று வைத்திருக்கிறேன்.

ஆனால் இதற்கு விலை உண்டு. ஒரு சின்ன சாப்ட்வேருக்கு நூற்றுக்கணக்கான எம்பி டவுன்லோட் ஆகும். மொபைல் டேட்டாவை நம்பி இருக்கும் வீடுகளுக்கும், பழைய சின்ன ஹார்ட் டிஸ்க்குகளுக்கும் அது பாரம். அதை விட முக்கியம், 2004-ல் வந்தது போல் இன்னொரு ஓட்டை வந்தால், ஒவ்வொரு மூட்டையையும் கட்டியவர் தனித்தனியே அவிழ்த்துத் திருத்த வேண்டும். யாராவது ஒருவர் தூங்கி விட்டால், அந்த மூட்டைக்குள் ஓட்டை அப்படியே இருக்கும். எனவே, வேறு வழியில்லாத சாப்ட்வேருக்கு மட்டும் மூட்டை. மற்றதெல்லாம் பொது லைப்ரரி. இதுவே என் கட்சி.

கடைக்காரரைத் திட்டுவதற்கில்லை

பார்மட் அடிப்பவர் மீது எனக்குக் கோபம் இல்லை. ஒரு பைலைத் தேடி ஒரு மணி நேரம் செலவழித்தால், "சும்மா ஏதோ தட்டுனதுக்கா இவ்வளவு காசு?" என்று நாமே பேரம் பேசுவோம். பார்மட் என்றால் கேள்வி கேட்காமல் கொடுத்து விடுகிறோம். நோய் கண்டுபிடிக்கும் வேலைக்குக் கூலி கொடுக்க மனமில்லாத நாம்தான் இந்தப் பழக்கத்தை வளர்த்தோம். என்ன பிழைச் செய்தி வந்தது என்று எழுதிக் கொண்டு போய், "பார்மட் வேண்டாம், இதை மட்டும் பாருங்கள், நேரத்திற்கு உரியதைத் தருகிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். செய்து தருபவர்கள் இருக்கிறார்கள்.

2011-லிருந்து தமிழக அரசு எல்காட் வழியாக வாங்கி மாணவர்களுக்கு வழங்கிய இலவச லேப்டாப்களிலும் இதைப் பார்த்தேன். அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். பாஸ் என்பது சென்னை சி-டாக் தயாரிப்பு, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. எங்கள் பக்கத்தில் ஏதாவது ஒரு சாப்ட்வேர் ஏறவில்லை என்றதும் முதலில் அந்த லினக்ஸைத்தான் அழித்தார்கள். பிறகு விண்டோஸில் வைரஸ் ஏறியபோது லேப்டாப்பையே பரணில் போட்டார்கள். அந்தப் பிள்ளைகள் தங்கள் பாடக் குறிப்பையும், முதல் முதலாகச் செய்த புராஜெக்டையும் இப்படி எத்தனை முறை இழந்திருப்பார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இவற்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

1. பிழைச் செய்தி வந்தால் மூடி விடாதீர்கள். மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அதில் பைலின் பெயரும் எண்ணும் இருக்கும். பாதி வைத்தியம் அதுதான்.

2. பெரிய எண் சின்ன எண்ணின் வேலையைச் செய்யும் என்று நினைக்காதீர்கள். ஒரு லைப்ரரியின் பெயரை மாற்றி இன்னொன்றாகக் காட்டாதீர்கள்.

3. சாப்ட்வேரை முடிந்த வரை பேக்கேஜ் மேனேஜர் வழியாகவே போடுங்கள். டெபியன் வகை லினக்ஸில் சினாப்டிக் என்ற சாப்ட்வேர் புதியவர்களுக்கு எளிது. அதில் எடிட் மெனுவில் 'பிக்ஸ் புரோக்கன் பேக்கேஜஸ்' இருக்கிறது. ஒரு பேக்கேஜின் மீது ரைட் கிளிக் செய்தால் 'மார்க் பார் ரீ-இன்ஸ்டலேஷன்' கிடைக்கும். ஒரு பதிப்பு மாறாமல் இருக்க வேண்டும் என்றால் பேக்கேஜ் மெனுவில் 'லாக் வெர்ஷன்' உண்டு.

4. 'தேவைப்படாதவை' என்று பட்டியல் வந்தால், முழுவதும் படித்து விட்டு ஓகே கொடுங்கள். சிடியிலிருந்து நேரடியாகப் போட்ட சாப்ட்வேர் ஏதாவது இருந்தால், அப்டேட்டுக்குப் பிறகு அதை ஒரு முறை திறந்து பாருங்கள். அவசரம் வரும் நாளில் சோதிக்காதீர்கள்.

5. பழைய பதிப்பு ஒன்று தேவைப்பட்டே தீரும் என்றால், அதைக் கேட்கும் சாப்ட்வேரின் தனிப் போல்டரில் வையுங்கள். பொது இடத்தில் வைக்காதீர்கள்.

6. எதைத் தொடும் முன்பும், போனால் திரும்பக் கிடைக்காத பைல்களை ஒரு பென் டிரைவிலாவது காப்பி எடுங்கள். அம்மாவின் ஆல்பம் இப்போது என்னிடம் மூன்று இடங்களில் இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு அந்த ஆண்டே இடம் கிடைத்து, படித்து முடித்து, இப்போது வேலைக்கும் போகிறாள். போன பொங்கலுக்கு வந்தபோது வாசலில் நின்று கொண்டு, "மாமா, ஸ்கேனர் ஓடுதா?" என்று கேட்டு விட்டுச் சிரித்தாள். ஓடுகிறது. இன்னும் அதே 12-ஐ வைத்துத்தான் ஓடுகிறது. பக்கத்தில் 16-ம் நிம்மதியாக இருக்கிறது.

அடுத்த முறை யாராவது "பார்மட் அடிச்சிடலாமா?" என்று கேட்டால், உடனே தலையாட்டாதீர்கள். "எந்தப் பைல், எந்தப் பதிப்பு?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.